மத்தியானத்தில் ஏறிய கோடு

"மிஸ், நீங்க ஸ்ட்ரக் ஆயிட்டீங்க."

அந்த வருஷம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து, வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. காலையில் ஒரு வகுப்பு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் இரண்டு. காலை வகுப்பு ஓடும் தண்ணீர் மாதிரி போகும். மத்தியான வகுப்பில்தான் வினை. ஒரு பின்னத்தைப் பாதி எழுதியிருப்பேன், என் படம் உறைந்துவிடும். திரையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை ஆட்டுவார்கள். நான் வாயைத் திறந்தபடி நிற்கிற மாதிரி அவர்களுக்குத் தெரியுமாம். ஒரு பெண் அதைப் படம் பிடித்து எனக்கே அனுப்பினாள்.

கேபிள் ஆபீஸுக்குப் பலமுறை போன் போட்டேன். ஆள் வந்தார், லைனைப் பார்த்தார், மோடத்தைப் பார்த்தார்.

"லைன் சுத்தமா இருக்குதுங்க. உங்க ஊட்டுக்குள்ளயே ஏதோ ஒண்ணு இழுக்குது. டிவி, போன் எல்லாத்தையும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் இருந்தது நானும் மாமியாரும் மட்டும். மகன் ராசிபுரம் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிறான். என் கணவருக்குப் போர் வண்டியில் மேனேஜர் வேலை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால், மழைக்காலத்துக்கும் நோம்பி, பண்டிகைக்கும்தான் திரும்புவார். மாமியாருக்கு மத்தியானம் டிவியில் சீரியல் கிடையாது. அது தூங்குகிற நேரம். அப்படியானால் எது இழுக்கிறது?

எனக்குக் கணினி புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கணினிப் பயன்பாட்டியலில் பட்டம் வாங்கியவள். வீட்டில் இருக்கிற டெஸ்க்டாப் ரொம்பப் பழையது. அதில் லினக்ஸ் போட்ட பிறகுதான் உயிரோடு இருக்கிறது. கேபிள்காரர் சொன்னதைக் கேட்டதும், வீட்டு நெட்வொர்க்கில் எந்தச் சாதனம் எவ்வளவு தரவு இழுக்கிறது, எவ்வளவு அனுப்புகிறது என்று காட்டுகிற ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுவலாம் என்று முடிவு செய்தேன். காசில்லாமல் கிடைக்கிற, நாலு பேர் நல்லபடியாகச் சொல்லியிருந்த மென்பொருள்தான்.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. டெர்மினலைத் திறந்து ஒரு வரி அடித்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. அது துணைக்குக் கேட்ட ஏதோ ஒரு பொதி பழைய பதிப்பில் இருந்ததால் சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டது. முழுக் கணினியையும் புதுப்பித்துவிட்டு மறுபடி அடித்தேன். இந்த முறை வரிகள் மளமளவென்று ஓடின. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தது. அதில் என் கணினி மட்டும் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

கொஞ்சம் படித்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. என் கணினி வழியாகப் போகாத எதையும் அதனால் பார்க்க முடியாது. டிவி பேசுவது நேராக ரௌட்டரோடு. ஆகவே வீட்டு இணைப்பு முழுக்க என் டெஸ்க்டாப் வழியாகப் போய் வரும்படி மாற்ற வேண்டும். இன்னொரு லேன் அடாப்டர் வாங்கி, மோடத்திலிருந்து வரும் கேபிளை ஒரு பக்கம் செருகினேன். மறு பக்கத்திலிருந்து வைஃபை ரௌட்டருக்கு ஒரு கேபிள் கொடுத்தேன். அப்போதும் ரௌட்டர் எல்லாச் சாதனங்களையும் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தான் ஒருத்தன் மட்டுமே இருப்பதாகக் காட்டியது. அந்த அமைப்பை மாற்றி, வெறுமனே வைஃபை கொடுக்கிற வேலையை மட்டும் ரௌட்டருக்கு விட்டேன். இதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"கண்ணு, டிவில என்னமோ சுத்திக்கிட்டே இருக்குது" என்று மாமியார் வெளி அறையிலிருந்து கூப்பிட்டார்.

"சித்த நேரம் இருங்கத்தை. இதோ வந்துரும்."

வந்தது. டிவி ஓட ஆரம்பித்த அதே நொடியில் என் திரையில் ஒரு சாதனம் முளைத்து, அதன் கோடு துள்ளி எழுந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அடுத்து மாமியாரின் போன். அடுத்து என் போன். ஒவ்வொன்றுக்கும் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் எழுதி வைத்தேன்: டிவி, அத்தை, நான், என் மேசை.

ஒன்று மிஞ்சியது. பெயர் இல்லை. தயாரித்த நிறுவனத்தின் இடத்தில் நான் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. எப்போதாவது ஒரு சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

நாலைந்து நாள் ஓடட்டும் என்று அந்தப் பக்கத்தை வகுப்புத் திரைக்குப் பக்கத்தில் திறந்தே வைத்திருந்தேன். பாடம் நடத்துகிற மும்முரத்தில் அந்தப் பக்கம் கண் போகவே இல்லை. ஒரு மத்தியானம், விகிதக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. அந்தப் பெயரில்லாத சாதனத்தின் கோடு கிடந்த இடத்திலிருந்து சுவர் மாதிரி நிமிர்ந்தது. கீழே இறங்குகிற தரவு இல்லை. மேலே போகிற தரவு. எங்கள் வீட்டிலிருந்து வெளியே. பெரிய அளவில், நிற்காமல்.

"மிஸ், நீங்க ஸ்ட்ரக் ஆயிட்டீங்க" என்றது ஒரு குரல்.

வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு எழுந்தேன். கோடு இன்னும் இறங்கவில்லை. டிவியின் பிளக்கைப் பிடுங்கினேன். கோடு அசையவில்லை. என் போனையும் மாமியார் போனையும் அணைத்தேன். அசையவில்லை. பிரிட்ஜுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்தும் அதையும் பிடுங்கினேன். ஏர்கூலரை நிறுத்தியபோது தரையில் படுத்திருந்த மாமியார் கண்ணைத் திறந்து, "கரண்டு போயிருச்சா?" என்றார். இல்லை என்று திரும்பப் போட்டேன்.

என் மேசைக்கு எதிரில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு மேசைக் கடிகாரம் உண்டு. கறுப்புக் கண்ணாடி, பச்சை எண்கள். போன தீபாவளிக்கு வந்தபோது என் கணவர் வாங்கி வந்தது. அவரே இடம் பார்த்து வைத்து, அவரே ஒயர் இழுத்து, "கழட்டிறாத, டைம் போயிரும்" என்றும் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்த பிளக் அது ஒன்றுதான் என்பதால் பிடுங்கினேன். கடிகாரத்துக்கும் இணையத்துக்கும் என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்போடுதான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

கோடு விழுந்திருந்தது.

மறுபடி செருகினேன். கொஞ்ச நேரத்தில் கோடு தலை தூக்கியது. மறுபடி பிடுங்கினேன். விழுந்தது.

கடிகாரத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், எண்களுக்கு மேலே, கடுகளவு ஒரு வட்டம். வெளிச்சம் பட்டதும் ஊதாவாக மினுங்கியது. லென்ஸ்.

கடிகாரத்தை மேசைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு, போனை மறுபடி போட்டு எடுத்துக்கொண்டு, புறவாசலுக்கு வந்து துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தேன். எதிரே கொடிக்காலில் ஆட்கள் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். அந்த அறையில் நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்று மனம் தானாகவே அடுக்க ஆரம்பித்தது. தலை துவட்டியிருக்கிறேன். வெயில் தாங்காமல் சேலையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறேன். அதற்கெல்லாம் நாலு சுவர்தான் சாட்சி என்று நினைத்திருந்தேன்.

போன் அடித்தது. என் கணவர்தான். வழக்கமாகப் பொழுதோடுதான் கூப்பிடுவார்.

"ஊட்ல கரண்டு இல்லியா?" என்றார்.

"இருக்குதுங்க. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன். கிளாஸ் நின்னு போயிருக்குமேன்னு."

சத்தீஸ்கரில் ஒரு பாறைக்காட்டில் நிற்கிற மனிதருக்கு, எங்கள் வீட்டில் கரண்ட் போயிருக்கும் என்று எப்படித் தோன்றும்? பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு நிமிஷம் நம்ப மறுத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, கடியாரத்துக்குள்ள கேமரா இருக்குதுங்க" என்றேன்.

நானே மேலே கேட்டேன்.

"நீங்க வெச்சதுங்களா?"

"பாதுகாப்புக்குத்தான் வெச்சேன். நீயும் அம்மாவும் தனியா இருக்கறீங்க. காலம் கெட்டுக் கெடக்குது."

"சொல்லிட்டு வெச்சிருக்கலாமல்லங்க?"

"சொன்னா நீ வேண்டாம்ப." கொஞ்சம் நிறுத்தி, "நானொண்ணும் உன்னயச் சந்தேகப்படுல" என்றார்.

சந்தேகம் என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. அவராக எடுத்து நடுவில் வைத்தார். போனை வைத்துவிட்டேன்.

உள்ளே போனபோது மாமியார் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சாமி ஆச்சு? பையனுக்கு ஒண்ணுமில்லையே?" என்று பதறினார். சொன்னேன். கடிகாரத்தைக் காட்டினேன். லென்ஸை விரலால் தொட்டுக் காட்டினேன்.

முதலில் அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. "ஊட்டுக்காரன் அவனூட்டப் பாக்கறான். கோயமுத்தூர்ல தம்பி ஊட்லகூட வாசல்ல வெச்சிருக்கறாங்க. அதுக்குப் போயி இப்படி மூஞ்சி வெளுத்துப் போச்சே உனக்கு" என்றார்.

"வாசல்ல இல்லீங்கத்தை. இந்த ரூம்ல. எந்நேரமும் போன்ல பாக்கலாம். நம்ம பேசறதும் கேக்கும்."

அவர் கடிகாரம் இருந்த அலமாரியைப் பார்த்தார். அப்புறம் தான் படுத்திருந்த பாயைப் பார்த்தார். ஏர்கூலர் அங்கேதான் இருக்கிறது. சித்திரை, வைகாசி முழுக்க அவர் மத்தியானத் தூக்கம் அந்த இடத்தில்தான். ரவிக்கையைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, சேலையை மட்டும் சுற்றிக்கொண்டு படுப்பார். வயசான பெண்கள் எங்கள் பக்கம் அப்படித்தான் வெயிலைக் கழிப்பது.

அவருடைய கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"நானு இங்கதான சாமி படுத்துக்கறேன்" என்றார் மெதுவாக.

நான் கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்தேன்.

"என்ற பையன் பாத்தானா?"

அவர் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார். வெகுநேரம் கழித்து வந்து என் போனைக் கேட்டு வாங்கி மகனைக் கூப்பிட்டார். அவர் எடுத்ததும், "ஏண்டா, பெத்தவளப் பாக்கோணும்னா ஊட்டுக்கு வந்து பாக்க மாட்டியாடா?" என்றார். அவ்வளவுதான். மறுமுனையில் "அம்மா, அம்மா" என்கிற குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்று இரண்டு பேரும் நடு அறைக்குள் போகவில்லை. கடிகாரம் செத்துக் கிடக்கிறது என்று தெரிந்தும் போகப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் என் கணவர் கூப்பிட்டார். வருத்தம் பாதி, கோபம் பாதி.

"தப்புத்தான். ஒத்துக்கறேன். ஆனா நானென்னமோ நாள்பூரா அதயே பாத்துட்டு உக்காந்திருந்தாப்பல நெனைக்காத. இப்ப நாலு நாளா போர் போடற பாயிண்ட்டு காட்டுக்குள்ள. சிக்னலே இல்ல. பொழுதோட ரோட்டுக்கு வந்துதான் உன்னயக் கூப்பிடறது. நேத்து மத்தியானம் டீசலுக்கு வந்தப்பத்தான் தொறந்தேன். ஆப்லைன்னு காட்டுச்சு. அதுக்குத்தான் உன்னயக் கூப்பிட்டது."

நான் அப்போது கணினியின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மென்பொருள் பழைய ஓட்டத்தையெல்லாம் சேமித்து வைக்கிறது. முந்தைய நாட்களின் படத்தை எடுத்தேன். கடிகாரத்தின் கோடு ஒவ்வொரு மத்தியானமும் எழுந்து நின்றது. காலையிலும் சில தடவை. வேறு நேரத்தில் தரையில் கிடந்தது. எந்நேரமும் அனுப்பிக்கொண்டிருக்கிற கேமரா இல்லை இது. யாராவது திறந்து பார்க்கும்போது மட்டும்தான் படம் வெளியே போகிறது.

"ஏனுங்க, முந்தாநேத்து மத்தியானம் பாத்தீங்களா?"

"சிக்னலே இல்லங்கறேன்."

"அதுக்கு முந்தின நாளு?"

"அன்னிக்கும் காட்டுக்குள்ளதான். ஏன்?"

"நேத்து நான் பிடுங்கறதுக்கு முன்னாடி?"

"தொறந்ததே ஆப்லைன்னு வந்ததுக்கு அப்பறந்தாங்கறேன். என்ன இப்படிக் கேக்கற?"

"அந்த நேரமெல்லாம் யாரோ பாத்திருக்காங்க" என்றேன். "நீங்க பாக்கலீன்னா, யாருங்க பாத்தது?"

"இரு" என்றார். போனில் அந்தச் செயலியைத் திறந்து தேடிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் பேசியபோது வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"இதுல, இந்தக் கேமரா எனக்கு இன்னொருத்தர் பகிர்ந்ததுன்னு போட்டிருக்குது. ஓனர்னு வேற நம்பர் இருக்குது."

"யாரு நம்பர்?"

"டிவிக் கடைக்காரரோடது."

எனக்கு அந்த ஆளைத் தெரியும். சேலத்தில் கடை, என் கணவருக்குப் பல வருஷப் பழக்கம். தீபாவளிக்குப் புது டிவி எடுத்தபோது, இணைப்புச் சரிபார்க்கத் தானே நேரில் வந்தார். நாற்பது வயசு இருக்கும், நெற்றியில் திருநீறு, மரியாதையான பேச்சு. அவரும் என் கணவரும் நடு அறையில் வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் கடையில் விற்ற அந்தக் கடிகாரத்தைக் கடைக்காரர் தன் போனில்தான் முதலில் இணைத்திருக்கிறார். பிறகு என் கணவருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். இந்த நுணுக்கமெல்லாம் தெரியாத என் கணவர், தன் கேமரா தன் கையில் இருப்பதாகவே நினைத்திருக்கிறார். அன்றைக்கு நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். "காப்பி பிரமாதமுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வகுப்பு உறைந்து போன ஒவ்வொரு மத்தியானமும் யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிள்ளைகள் கையை ஆட்டி எச்சரித்தபடி இருந்தது அதைத்தான், அவர்களுக்கே தெரியாமல். கணவர் பார்த்தது என்று தெரிந்தபோது வந்தது ஒருவிதமான அதிர்ச்சி. இது வேறு.

"நான் உடனே கெளம்பி வாரேன்" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். "நேரா அவன் கடைக்குப் போயி..."

"நீங்க வாங்க. ஆனா அவருக்குப் போன் பண்ணிராதீங்க. தெரிஞ்சா எல்லாத்தையும் அழிச்சிருவாரு" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அந்த யோசனை எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் வந்து சேரும்வரை காத்திருக்க மனசில்லை. அந்தக் கோட்டுப் படங்களையெல்லாம் அச்செடுத்தேன். கடிகாரத்தை ஒரு துணிப்பையில் போட்டேன். கிளம்பும்போது மாமியார் விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்து நின்றார். "நானும் வாரேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாமக்கல் பஸ்ஸில் வழிநெடுகப் பையை அவர்தான் மடியில் வைத்திருந்தார், உள்ளே ஏதோ ஜந்து இருக்கிற மாதிரி வாயை இறுகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு.

இணையக் குற்றப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். நான் அச்செடுத்து வந்ததைப் புரட்டி, "இதை நீங்களே போட்டீங்களா?" என்று கேட்டார். எப்படி நிறுவினேன், இணைப்பை எப்படி மாற்றினேன் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, "கடிகாரத்தை வீட்டுக்குள்ள வெச்சது யாரும்மா?" என்றார்.

"என்ற ஊட்டுக்காரர்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியாமலா?"

"ஆமாங்க."

"அப்ப அதையும் எழுத வேண்டியிருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க. எழுதட்டுமா?"

பக்கத்தில் மாமியார் இருக்கிறார். அது அவர் மகன். அவர் முகத்தைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

"எழுதிக்குங்க சாமி" என்றார் மாமியார். "நடந்தது நடந்தபடியே எழுதிக்குங்க. அவன் கதவத் தொறந்து விட்டான். அதுல இன்னொருத்தன் பூந்துட்டான்."

அதிகாரி மறுபடி பேனாவை எடுத்தார்.

என் கணவர் வந்து சேர்ந்தபோது எங்களிடம் புகாரின் நகல் இருந்தது. தாடியும் புழுதியுமாக வந்தவர் அதை வாசலில் நின்றபடியே படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் கண் நின்றது. மடித்துக் கொடுத்துவிட்டு, கை கால் கழுவப் போனார். மாமியார் அவருக்குச் சோறு போட்டார், பேசவில்லை. சாப்பிட்ட பிறகு என் கணவர் புறவாசலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டியில துளை போடற டிரில்லர் ஒருத்தன் இருந்தானல்ல, அவன் சம்சாரம் ஊட்ட உட்டுப் போயிருச்சு" என்றார். "அவன் அழுதத நாங்க எல்லாம் பாத்தோம். அதுக்கப்பறம் எனக்குத் தூக்கமே இல்ல."

"அதுக்கு?"

"தெரியல. பாத்தா மனசு ஆறுச்சு."

"என்னத்தப் பாத்தீங்க?"

யோசித்தார். "நீ கணக்குச் சொல்லிக் குடுக்கறத. அம்மா தூங்கறத. வேறென்ன இருக்குது பாக்க."

அதை அவர் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. ஒன்றும் இல்லாததை மாசக் கணக்கில் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறார். இதே மனிதர்தான் தினம் பொழுதோடு கூப்பிட்டு, "இன்னிக்கு என்ன பண்ணுன?" என்று ஒன்றும் அறியாதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். நானும் தினம் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரரைப் பிடித்தார்கள். அவர் போனை எடுத்துப் பார்த்த பிறகு, அந்தப் பெண் அதிகாரி எனக்குப் போன் செய்தார். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர் அன்று தடுமாறினார். "உங்க வீடு மட்டும் இல்லம்மா" என்றார். கடிகாரம், இரவு விளக்கு, சார்ஜர் என்று அந்த ஆள் விற்றுப் பொருத்திக் கொடுத்த இடமெல்லாம் அவருடைய போனில் சதுரம் சதுரமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எந்தச் சதுரம் எந்த வீடு என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பல வீட்டில் வாங்கி வைத்தவர்களே வாயைத் திறக்க மறுத்தார்களாம். திறந்தால், வைத்தது தான்தான் என்று வீட்டில் சொல்ல வேண்டும்.

என் கணவர் அந்த மழைக்காலம் முடியும்வரை வீட்டில் இருந்தார். வெளி அறையில் படுத்துக்கொண்டார். விசாரணைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் போனார். அங்கே என்ன கேட்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமியார் மெல்ல மெல்ல அவரோடு பேச ஆரம்பித்தார். ஆனால் மத்தியானத்தில் இப்போது தன் அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, ரவிக்கையோடுதான் படுக்கிறார். ஏர்கூலரை அங்கே மாற்றிவிட்டேன். வண்டிக்குத் திரும்பிக் கிளம்புகிற அன்று, என் கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பழையபடி ஆயிருவமா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

வழக்கு சேலத்துக்கு மாறியது. வாக்குமூலம் கொடுக்க என்னை அங்கே கூப்பிட்டிருந்தார்கள். நடைவழியில் ஒரு பெஞ்சு. அதில் எனக்கு முன்னாலேயே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும்; நெற்றியில் பொட்டு இல்லை; கெங்கவல்லியிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். எதற்கு வந்தோம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வெகுநேரம் கழித்து அவர்தான் கேட்டார். "உங்க வூட்ல எங்கம்மா வச்சிருந்தாங்க?"

"நடு ரூம்ல. கடியாரத்துல."

"எங்க வூட்ல சாமி ரூம்ல. வெளக்குல."

சாமி அறை என்றதும் நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு தவறிப் போனதுக்கப்புறம், அங்க உக்காந்துதாம்மா நான் அவருகிட்ட பேசுவேன்" என்றார். "சத்தமாவே பேசுவேன். வூட்ல வேற யாரு இருக்கா?"

"யாருங்கக்கா வெச்சது?" என்றேன்.

"எம்புள்ளதான். சென்னையில இருக்கான்." முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "நான் பேசுனதெல்லாம் அவனும் கேட்டிருக்கான், கடக்காரனும் கேட்டிருக்கான். ஒருத்தன்கூட, ஏம்மா தனியாப் பேசிக்கிறன்னு ஒரு வார்த்தை கேக்கலயே."

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். எழ முடியவில்லை. அவர் கை என் கையின்மேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, "போய்ச் சொல்லிட்டு வாம்மா, நான் இங்கதான் இருப்பேன்" என்று அவர்தான் கையை எடுத்தார்.